பொய்யேற்றமா, தொடக்க ஏற்றமா?

நண்பர்களே,

நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில், புற்று இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருளான 'டியூமர் மார்க்கர்' என்பதற்குப் 'புற்றுக் குறிப்பான்' என்பது ஏறத்தாழ முடிவாகிவிட்டது. எனக்கும் சரி. 'புற்றுநோய்காட்டி' மட்டும் வேண்டாம். சூலகப் புற்றுக்குப் பார்க்கும் சிஏ 125 என்ற குறிப்பானின் அளவு, வழக்கமான மேல்வரம்பான 35-ஐத் தாண்டினாலே புற்று என்று ஆகிவிடாது; மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), வயிற்றுக் காசநோய் எல்லாமே அதை ஏற்றிவிடும்.

இன்னும் பெயர் வைக்காமல் கிடப்பது 'ஃபிளேர்'. கீமோ தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரங்களில் குறிப்பான் சிலருக்குக் குறையாமல் ஏறும், அப்புறம் இறங்கும். மருந்து பட்டுச் சிதையும் புற்றணுக்களிலிருந்து புரதம் ரத்தத்தில் கொட்டுவதுதான் காரணம் என்கிறார்கள். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளும் குடல் புற்று நோயாளிகளிடம் சிஇஏ என்ற குறிப்பான் இப்படி ஏறுவதுண்டு. ரிப்போர்ட்டை வாங்கிய வீட்டார் "மருந்து கேட்கலையே" என்று பதறுவதும் அப்போதுதான்.

'பொய்யேற்றம்' என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. இங்கே பரிசோதனை பொய் சொல்லவில்லை, ரத்தத்தில் அளவு நிஜமாகவே கூடியிருக்கிறது. நோயாளியின் எதிர்ப்பொருள் குறுக்கிட்டுக் கருவி தப்பாகக் கூட்டிக் காட்டுமே, அதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். 'எழுச்சி' என்ற இன்னொரு பரிந்துரையில் மேடைப் பேச்சு வாடை. 'சிதைவேற்றம்' என்றால் என்ன?

*

ஐயா, 'சிதைவேற்றம்' அழகான சொல்தான். ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போது அது சிதைவால் ஏறுகிறதா, நோய் வளர்வதால் ஏறுகிறதா என்று யாருக்குத் தெரியும்? பிறகு இறங்கினால்தான், ஸ்கேனும் ஒத்துவந்தால்தான் தெரியும். கணையப் புற்றில் பித்தநாளம் அடைத்துக்கொண்டாலும் சிஏ 19-9 என்ற குறிப்பான் எகிறும். அங்கே சிதைவும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. காரணத்தைப் பெயரிலேயே எழுதிவிட்டால் நோயாளிக்கு முன்கூட்டியே ஆறுதல் சொன்னதாகிவிடும். அது தப்பிப்போனால்?

காலத்தை மட்டும் சொல்லும் 'தொடக்க ஏற்றம்' போதும். அளவு இறங்கி, காரணம் உறுதியான பிறகு 'சிதைவேற்றம்' என்று எழுதட்டும். இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. முதல் பதிவின் விளக்கத்தில், அடுத்த பரிசோதனையையும் அதே ஆய்வகத்தில், அதே முறையில் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். லேபை மாற்றினாலே எண் மாறிவிடும், அதை ஏற்றக் கணக்கில் சேர்க்கக் கூடாது.