ஊறலா, விளைவா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

(மலேசியாவின் நான்கு ஊர்களிலிருந்து, ஒரு கலைச்சொல்லைத் தேடி ஒருவருக்கொருவர் எழுதிய மடல்கள்)

பீடோங்கிலிருந்து:

வணக்கம். மெல்பர்னில் இருக்கும் தம்பி குடும்பத்துக்காக, வீட்டில் பீர் தயாரிக்கும் பெட்டியின் செய்முறைத் தாளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 1.7 கிலோ மால்ட் சாறு ஒரு டின், 7 கிராம் ஈஸ்ட், தண்ணீர் சேர்த்து மொத்தம் 23 லிட்டர். இதில் சிக்கல் இல்லை. அடுத்த வரியில் '18 முதல் 22 பாகை செல்சியஸ்' என்று வருவதற்கு 'நொதித்தல் வெப்பநிலை' என்று எழுதியிருந்தேன். தம்பியின் மாமனார் அதைப் படித்துவிட்டுச் சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்தார். 22. சரி என்று விட்டுவிட்டார். வாளியில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டையோ 27 காட்டியிருக்கிறது. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும். முதல் இரண்டு மூன்று நாள் வாளிக்குள் அறையைவிடச் சில பாகை கூடவே இருக்கும். திறந்தால் வாழைப்பழ வாசம், அதற்கடியில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. அத்தனையையும் கொட்டிவிட்டார். எதனுடைய வெப்பநிலை என்று என் சொல் சொல்லவில்லை. சொல்கிற ஒன்று வேண்டும்.

ஈப்போவிலிருந்து:

தங்கச்சி, சொல் நம்மிடமே இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்ளின் தோப்பி' வருகிறதே, அது வீட்டில் ஆக்கிய கள்தான். தோப்பி நெல்லில் ஆக்கியது. ஆக, தானியத்தில் செய்யும் பானம் நமக்குப் புதிதல்ல. அதே பாட்டில் சாடியில் இருந்தது 'வழைச்சற விளைந்த'து, அதாவது இளமை நீங்க முற்றியது. நொதிக்கவில்லை, புளிக்கவில்லை, விளைந்தது! நெல் விளைகிறது, உப்பு விளைகிறது, கள்ளும் விளைகிறது. எனவே விளைவெப்பம். ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. முக்காலத்தையும் தன்னுள் அடக்கும். மலாய்க்காரரின் 'பெராம்' என்பதையும் பாருங்கள். பழத்தைப் பழுக்க வைப்பதும் பெராம், பானத்தை ஊற வைப்பதும் பெராம். இரண்டையும் முற்றுதல் என்ற ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஈஸ்டையும் 'விளைமம்' ஆக்கிவிடலாம்.

சுங்கை பட்டாணியிலிருந்து:

ஐயா, நான் அறிவியல் நடத்துகிறவள். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று பிள்ளைகளுக்குப் புரிய வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். விளைவெப்பம் என்பது ஈஸ்ட் உண்டாக்கும் சூட்டுக்கு அருமையாகப் பொருந்தும்; பாகையில் அளப்பதற்கு ஆகாது. விளைமம் என்று கேட்டால் எந்தக் கடைக்காரர் எடுத்துத் தருவார்? ஈஸ்ட் இருக்கட்டும். 'நொதி வெப்பநிலை' என்று சுருக்குவதும் வேண்டாம், உயிரியலில் நொதி என்றால் என்சைம்.

கிள்ளானிலிருந்து:

நான் வளர்ந்த தோட்டத்தில் சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் அம்மா என்னைத்தான் நிறுத்துவார், அப்பா உள்ளே போகுமுன் காசை வாங்கிக்கொள்ள. 1947இல் கெடாவில், உங்கள் பக்கத்தில்தான், தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகக் கிளம்பியது. அந்த மண்ணிலிருந்து பீருக்குச் சொல் கேட்டு மடல் வருவது எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல் ஊறல். சம்சு என்ற சாராயம் காய்ச்சுகிறவர்கள் பானையில் போட்டு வைப்பது அது. பானையின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தே 'ஊறல் சூடாயிருச்சு' என்பார்கள்.

பீடோங்கிலிருந்து:

அண்ணே, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. என் தாத்தா வீட்டுக் கதையும் அதுதான். ஆனால் நான் தேடியது இந்தச் சொல்தான். ஊறல் அந்தத் திரவத்தின் பெயர். 'ஊறல் வெப்பநிலை' என்றால் யாரும் சுவரைப் பார்க்க மாட்டார்கள். அடுப்படியில் இருந்த அம்மாவிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் படித்துக் காட்டினேன். "பானைக்குள்ள இருக்கிற சூடுதானே?" என்றார்.

தாளில் இப்படிப் போகிறது: 'ஊறல் வெப்பநிலை 18–22 பாகை. வாளியில் உள்ள பட்டையில் பார்க்கவும். விளைவெப்பத்தால் இது அறையைவிடக் கூடும். கூடினால் வாளிக்கு ஈரத் துணி சுற்றவும்.'

ஈப்போ ஐயாவின் சொல்லும் உரிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஈப்போவிலிருந்து:

உட்காரவில்லை அம்மா, ஓரமாக நிற்கிறது. ஊறல் போலீஸ் பிடித்த செய்திகளில் வருகிற சொல். சாடியில் விளைந்ததை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலோர் சரி என்றால் போகட்டும். நம் சொற்பட்டியலில் என் மறுப்பையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அச்சுக்குப் போகுமுன் தாளை அனுப்புங்கள், ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன்.