அப்பாயி கையில் எத்தனை புள்ளி?

குழு: நம்ம வீடு, கும்பகோணம்

சனிக்கிழமை

[காலை 9:05] நான்: எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும். அப்பா மணிவிழாவுக்கு முன்னால் போன் மாற்றலாம் என்று இருக்கிறேன். ரூ.25,000 வரை போடலாம். போட்டோ நன்றாக வந்தால் போதும், மற்றது எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

[காலை 9:07] தம்பி (சித்தப்பா மகன்): அக்கா, என் போன் மாதிரியே வாங்கிவிடுங்கள். 108 மெகாபிக்சல். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

[காலை 9:08] அண்ணன்: போட்டோகிராபருக்குத்தான் அட்வான்ஸ் கொடுத்தாச்சே பாப்பா. அப்புறம் எதற்கு?

[காலை 9:11] நான்: அவர் ஹோமம் எடுப்பார், தாலி கட்டுவதை எடுப்பார், ஆசீர்வாதம் எடுப்பார். அப்பாயி ஓரமாக உட்கார்ந்து பூ கட்டுவதை எடுக்க மாட்டார். உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார். அப்பாயி மூன்றே படத்தில்தான் இருக்கிறார். மூன்றிலும் யாரோ மறைத்துப் பாதி முகம்தான்.

[காலை 9:12] அண்ணன்: அது உண்மைதான்.

[காலை 9:30] சித்தப்பா: பாப்பா, முதலில் மெகாபிக்சலைத் தள்ளி வை. படத்தில் பத்து லட்சம் புள்ளி இருந்தால் ஒரு மெகாபிக்சல், அவ்வளவுதான். 108 என்று போட்டிருந்தாலும் சாதாரணமாக எடுக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் போன் படம் தரும். 108ஐ 9ஆல் வகுத்தால் 12. ஐம்பது மெகாபிக்சல் போன் நான்கு நான்காகச் சேர்க்கும், 12.5 வரும். 2023இல் வந்த சாம்சங் எஸ்23 அல்ட்ராவில் 200 மெகாபிக்சல். அதிலும் பதினாறு பதினாறாகச் சேர்த்தால் 12 பக்கத்தில்தான் வந்து நிற்கும்.

[காலை 9:32] தம்பி: அப்பா, 108 மோடு தனியாக இருக்கிறதே. அதில் எடுத்தால் முழுசாக வருமே.

[காலை 9:36] சித்தப்பா: வரும்டா. வெயிலில் கும்பேசுவரர் கோயில் கோபுரத்தை எடுத்துப் பார், சுதைப் பொம்மை ஒவ்வொன்றும் தெரியும். அதே மோடை மண்டபத்துக்குள் வைத்து எடு, படம் பொரி பொரியாகிவிடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஒன்பது புள்ளிக்கும் கிடைக்கிற கொஞ்ச நஞ்சத்தை ஒன்றாகச் சேர்த்தால்தான் அந்தப் பொரி அடங்கும். அதற்காகத்தான் போன் சேர்க்கிறது.

[காலை 9:38] சித்தப்பா: இன்னொன்று. 6×4 பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1800 × 1200. பெருக்கிப் பார், 21.6 லட்சம். இரண்டு மெகாபிக்சல் சொச்சம். ஏ4 அளவுக்குப் பெரிதாகப் போட்டாலும் 9 மெகாபிக்சலுக்குள் அடங்கும். 12 உன் காலத்துக்கும் போதும்.

[காலை 9:41] அம்மா: அப்படியென்றால் எதைப் பார்த்துத்தான் வாங்குவது? கடையில் கேட்டால் எல்லா போனையும் நல்ல போன் என்றுதான் சொல்கிறார்கள்.

[காலை 9:50] சித்தப்பா: அண்ணி, கடையில் விளக்கு பளீரென்று இருக்கும். அந்த வெளிச்சத்தில் எந்த போனும் அழகாக எடுக்கும். போதாததற்கு போன் திரையே நிறத்தை ஏற்றிக் காட்டும். திருக்கடையூர் மண்டபத்தில் நமக்கு அதிகாலை, ஹோமப் புகை, பின்னால் தீ, முகத்தில் நிழல். அங்கே எடுக்கத் தெரிகிற போன் வேண்டும். அட்டையில் இரண்டு விஷயம் பார்க்கலாம். ஒன்று சென்சார் அளவு. 1/1.5, 1/2.8 என்று பின்னமாகப் போட்டிருப்பார்கள். கீழே இருக்கும் எண் சின்னதாக இருந்தால் சென்சார் பெரிது, வெளிச்சம் அதிகம் வாங்கும். இன்னொன்று ஓஐஎஸ். கை நடுங்கினால் லென்ஸோ சென்சாரோ எதிர்ப்பக்கம் நகர்ந்து சமாளிக்கும். மிச்சத்தை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

[காலை 9:52] தம்பி: என் போனில் நான்கு கேமரா இருக்கிறது அப்பா.

[காலை 9:53] சித்தப்பா: அதில் இரண்டு 2 மெகாபிக்சல். மேக்ரோ என்று ஒன்று, பின்புலம் மங்கலாக்க ஒன்று. கடைசியாக எப்போது அதைத் தொட்டாய்?

[காலை 9:55] தம்பி: வாங்கின வாரம்.

[காலை 10:02] அண்ணி: என் போன் 50 மெகாபிக்சல், ஓஐஎஸ் உண்டு. போன வருடம் இதே விலைக்குத்தான் வாங்கினோம். நாளைக்குத்தான் வருகிறோமே, இரண்டையும் வைத்துப் பார்த்துவிடலாம்.

[காலை 10:04] சித்தப்பா: அதுதான் சரி. நான் நாளைக்கு குருக்களைப் பார்க்கத் திருக்கடையூர் போகிறேன். நீங்கள் எடுத்து அனுப்புங்கள். ஒரே ஆள், ஒரே இடம், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு போன். எடுக்கும் முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். பல படம் மங்குவதற்கு விரல் எண்ணெய்தான் காரணம். ஜூம் தொடாதீர்கள், கிட்டப் போய் எடுங்கள்.

[காலை 10:06] சித்தப்பா: எதை எடுப்பது என்றால், நமக்கு நேரில் நன்றாகத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். மல்லிகைச் சரம் ஒன்று, உன் அப்பாயியின் அரக்குப் பட்டு ஒன்று, அப்புறம் அப்பாயி.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 11:20] நான்: 6 படங்கள்

[காலை 11:22] நான்: எந்த போன் என்று சொல்லவில்லை. முதல் மூன்றும் அ, அடுத்த மூன்றும் ஆ. அத்தையும் சித்தப்பாவும் மட்டும் சொல்லுங்கள். தம்பி வாயைத் திறக்கக் கூடாது.

[காலை 11:25] அத்தை: எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது.

[காலை 11:27] சித்தப்பா: தெரியத்தான் தெரியாது. வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அமுக்கிச் சின்னதாக்கி அனுப்பியிருக்கிறது. 2023இல் ஹெச்டி என்று ஒரு வசதி கொடுத்தார்கள், அதிலும் கொஞ்சம் அமுக்கும். டாகுமெண்டாக அனுப்பு பாப்பா, எடுத்தது எடுத்தபடி வரும்.

[காலை 11:40] நான்: 6 டாகுமெண்ட்

[காலை 11:52] அத்தை: இப்போது தெரிகிறது. அ படத்தில் இருப்பது என் அம்மாவே இல்லை. மாவு பூசின மாதிரி இருக்கிறது. அம்மா நல்ல கருப்பு. கன்னத்துச் சுருக்கம் எங்கே போயிற்று? ஆ படத்தில்தான் அம்மா இருக்கிறாள்.

[காலை 11:53] தம்பி: அத்தை, அ என் போன்தான். ஆனால் எல்லோரும் அழகாக எடுக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

[காலை 11:58] சித்தப்பா: பியூட்டி என்று ஒரு பொத்தான் இருக்கும். வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு மறுபடி எடு. போனை ஒப்பிடுகிறோம், பூச்சை ஒப்பிடவில்லை.

[மதியம் 12:15] நான்: 1 டாகுமெண்ட்

[மதியம் 12:18] அத்தை: இப்போது பரவாயில்லை. சுருக்கம் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு சுற்று வெளுப்பாகத்தான் இருக்கிறாள்.

[மதியம் 12:30] சித்தப்பா: இது பழைய கதை தங்கச்சி. பிலிம் ரோல் காலத்தில் கோடாக் கம்பெனி நிறம் சரிபார்க்க லேபுகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷெர்லி அட்டை என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. 28 வருடம் ஸ்டூடியோவில் நான் பட்ட பாடு, கருப்பான பெண்ணுக்கு வெளிச்சம் கூட்டி வைத்தால் வெள்ளைப் புடவை வெந்து போகும், குறைத்தால் முகம் போய்விடும். அந்தப் பெண் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டு போவாள். அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

[மதியம் 12:36] தம்பி: இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது அப்பா. ஹார்வர்டு பேராசிரியர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய தோல் நிற அளவுகோலை 2022இல் கூகுள் வெளியிட்டது. பத்து நிறம். எல்லா நிறத்து ஆளையும் கம்ப்யூட்டர் சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்க.

[மதியம் 12:38] சித்தப்பா: நல்ல காரியம். தெரிந்து வைத்திருக்கிறாயே.

[மதியம் 12:45] சித்தப்பா: மல்லிகையைப் பார்த்தேன். ஆ படத்தில் இதழ் இதழாக எண்ணலாம், நார் முடிச்சு தெரிகிறது. அ படத்தில் வெயில் பட்ட பக்கம் சுண்ணாம்புக் கட்டி. வெள்ளை அப்படி வெந்துவிட்டால் அப்புறம் எந்த வித்தையாலும் திரும்ப வராது. உன் அப்பாவுக்கு விழா அன்றைக்குப் பட்டு வேட்டி, ஞாபகம் வைத்துக்கொள். புடவையில் மட்டும் தம்பி போன்தான் ஜெயிக்கிறது. அரக்கு அரக்காகவே இருக்கிறது. ஆ படத்தில் அது குங்குமச் சிவப்பாகிவிட்டது.

[மதியம் 12:47] அம்மா: ஆமாம், புடவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அ தான் சரி.

[மதியம் 12:48] அண்ணி: எனக்கும் அது தெரியும். சிவப்பு எதை எடுத்தாலும் கொஞ்சம் தூக்கலாகத்தான் வரும்.

[மாலை 6:40] நான்: விளக்கு வைத்தாச்சு. ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, குத்துவிளக்குப் பக்கத்தில் அப்பாயி பூ கட்டுகிறார். முகம் வேண்டாம், கையை எடு என்று அப்பாயியே சொல்லிவிட்டார். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருக்கிறதே, அது தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறோம். 2 டாகுமெண்ட். இதில் இ, ஈ என்று பெயரை மாற்றிவிட்டேன்.

[மாலை 6:49] சித்தப்பா: இரண்டு படத்தையும் மேலே தள்ளி, விவரம் என்ன காட்டுகிறது என்று சொல்.

[மாலை 6:53] நான்: இ: ஐஎஸ்ஓ 5000, 1/20 விநாடி. ஈ: ஐஎஸ்ஓ 1250, 1/10 விநாடி.

[மாலை 6:58] சித்தப்பா: ஈ இரண்டு மடங்கு நேரம் திறந்திருக்கிறது, அப்படியும் கை ஆட்டம் இல்லை. ஓஐஎஸ் உள்ள போனாகத்தான் இருக்கும். இ வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை, ஏற்றியிருக்கிறது. ஏற்றினால் பொரி வரும், பொரியை மறைக்க போன் தேய்க்கும். தேய்த்தால் முதலில் போவது இந்த மாதிரி மெல்லிய கோடுதான். பெரிதாக்கிப் பாருங்கள், பச்சை கோலமாகத் தெரிகிறதா, கறையாகத் தெரிகிறதா?

[மாலை 7:01] அண்ணன்: இ சுத்தமாகக் கறை. மைக்கூடு கவிழ்ந்த மாதிரி. ஈயில் கோலம் தெரிகிறது, நடுவில் புள்ளிகூடத் தெரிகிறது. தோல் உலர்ந்து செதில் செதிலாக இருப்பதுகூடத் தெரிகிறது.

[மாலை 7:02] தம்பி: இ என் போன். நைட் மோடில் எடுத்துப் பார்க்கவா?

[மாலை 7:04] சித்தப்பா: எடு. அம்மா கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். பல படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித்தான் நைட் மோடு வேலை செய்கிறது.

[மாலை 7:15] தம்பி: 1 டாகுமெண்ட். கோலம் வந்துவிட்டது அப்பா. ஆனால் பூ கட்டும் விரல் மட்டும் புகை மாதிரி ஆகிவிட்டது. கையை நிறுத்துங்கள் என்றால் அப்பாயி கேட்கவில்லை, சரம் அவிழ்ந்துவிடுமாம்.

[மாலை 7:19] சித்தப்பா: மண்டபத்திலும் யாரும் நிற்க மாட்டார்கள். கலச நீர் ஊற்றும்போது உன் அண்ணியின் போனில் எடுத்தாலும் படம் கலங்காமல் தப்பாது. ஓஐஎஸ் நம் கை ஆடுவதைத்தான் பிடிக்கும், எதிரில் இருப்பவர் ஆடுவதைப் பிடிக்காது. இன்றைக்கு மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கிழக்குப் பக்கம் முழுக்கத் திறப்பு. வெளிச்சம் வந்த பிறகு அந்தத் திறப்புக்கு முதுகைக் காட்டி நில், எதிரில் இருப்பவர் முகத்தில் வெளிச்சம் விழும். தண்ணீர் ஊற்றும்போது பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பத்து இருபது எடு, ஒன்று தேறும்.

[மாலை 7:22] நான்: சரி சித்தப்பா. அப்போது அண்ணி போன் மாடலையே வாங்கிவிடுகிறேன். சிவப்பு மட்டும்தான் குறை.

[மாலை 7:24] சித்தப்பா: சிவப்பை வீட்டில் வந்து குறைத்துக்கொள்ளலாம். அழிந்த கோட்டைத் திரும்பப் போட முடியாது. வாங்கு.

[இரவு 7:40] அத்தை: இத்தனை நேரம் அந்த ஈ படத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அந்தக் கையில்தான் தலை வைத்துத் தூங்குவேன். தூக்கம் வராவிட்டால் புள்ளியை எண்ணச் சொல்வாள். ஏழு இருக்கும். இதில் ஐந்துதான் இருக்கிறது.

[இரவு 7:42] தம்பி: அத்தை, போன் தேய்த்திருக்கும்.

[இரவு 7:43] சித்தப்பா: இல்லைடா, மற்ற ஐந்தும் கூர்மையாக இருக்கிறதே. இரண்டை மட்டும் தேய்க்காது.

[இரவு 7:45] அத்தை: பாப்பா, அம்மா கையில் அந்தச் செம்புக் காப்பு போட்டிருக்கிறாளா? அதைக் கொஞ்சம் மணிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டு இன்னொன்று எடு.

[இரவு 7:56] நான்: 1 டாகுமெண்ட்

[இரவு 7:57] அத்தை: ஏழு.