ஒற்றைத் தலைவலி: தூண்டுதலைக் கண்டுபிடிப்பது எப்படி, மாத்திரையைக் குறைப்பது எப்படி?

கயல்விழி:

எனக்குப் பல ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி இருக்கிறது. மைக்ரேன்தான் என்று மருத்துவர் உறுதிசெய்துவிட்டார். வலப்பக்க நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கினால், வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் பொறுக்காமல், குமட்டலோடு நாள் முழுவதும் படுத்துக்கிடக்க வேண்டியதாகிறது. எதனால் வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. சாக்லேட் சாப்பிட்ட பின் வருவதைக் கவனித்து அதை அறவே நிறுத்தினேன். ஆனாலும் வலி நிற்கவில்லை. வெயிலில் அலைந்தால் சில நாள்களில் வருகிறது, சில நாள்களில் ஒன்றும் ஆவதில்லை. வேலை நெருக்கும் நாள்களிலெல்லாம் நன்றாக இருந்துவிட்டு, ஓய்வு நாளில் வந்து படுக்கவைக்கிறது. வலிநிவாரணிகளைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறேன். இயற்கையான வழிகளில் எவை உண்மையிலேயே பயன்தரும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பொழில்:

எனக்கும் இளவயதிலிருந்தே மைக்ரேன் உண்டு என்பதால் உங்கள் குழப்பம் புரிகிறது. ஒரே தூண்டுதல் ஒவ்வொரு முறையும் வலியைக் கொண்டுவருவதில்லை. மைக்ரேன் உள்ளவரின் மூளை சிறு மாற்றங்களுக்கும் மிகையாக எதிர்வினை காட்டக்கூடியது. அது எவ்வளவு தாங்கும் என்பதும் நாளுக்கு நாள் மாறும். நன்றாகத் தூங்கி வேளைக்குச் சாப்பிட்ட நாளில் வெயில் ஒன்றும் செய்யாமல் போகலாம். இரவுத் தூக்கம் கெட்டு, காலை உணவும் தவறி, தண்ணீரும் சரியாகக் குடிக்காத நாளில் அதே வெயில் உங்களைச் சாய்த்துவிடும். எனவே வெயில் காரணமா இல்லையா என்று கேட்பதைவிட, அன்றைக்கு வெயிலோடு வேறு என்னென்ன சேர்ந்துகொண்டன என்று பார்ப்பதே பலன் தரும்.

ஓய்வு நாளில் வருவதும் இதனால்தான். மன அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது வராமல், அது தளரும் வேளையில் வலி தாக்குவது மைக்ரேனில் நன்கு அறியப்பட்ட ஒன்று. போதாக்குறைக்கு, ஓய்வு நாளில்தான் நாம் நேரம்கழித்து எழுகிறோம், காலை உணவை நண்பகலுக்குத் தள்ளுகிறோம், வழக்கமான காபியையும் தாமதப்படுத்துகிறோம். நாள்தோறும் காபி குடித்துப் பழகியவருக்குக் காஃபீன் கிடைக்காமல் போவதே தலைவலிக்குப் போதும். எல்லா நாள்களிலும் ஒரே நேரத்தில் எழுவது என்ற ஒரு மாற்றத்தை மட்டும் முதலில் செய்து பாருங்கள்.

சாக்லேட்டைப் பொறுத்தவரை, அதன்மேல் விழுந்த பழி பெரும்பாலும் வீண்பழி என்றே கருதுகிறேன். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முதல் 2 நாள்கள் வரை முன்னதாகவே மூளையில் மைக்ரேன் ஆரம்பித்துவிடுகிறது. அடுக்கடுக்கான கொட்டாவி, பிடரி இறுக்கம், காரணமில்லாத எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், இனிப்பின்மேல் அடங்காத ஆசை ஆகியவை அந்த முன்னறிகுறிகள். அந்த ஆசையில்தான் பலர் சாக்லேட்டை எடுக்கிறார்கள். பிறகு எப்படியும் வரவிருந்த வலி வருகிறது. (உணவு விலக்குப் பட்டியல்கள் நீண்டுகொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. மது, குறிப்பாகச் சிவப்பு ஒயின், ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் சொல்வது உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் விலக்கப் போய் வயிறு காய்ந்தால், அந்தப் பட்டினியே வலிக்கு வழி.)

குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்த நாளை மட்டும் எழுதுவதால் பயனில்லை, வராத நாளையும் எழுதினால்தான் ஒப்பிட முடியும். “இரவு 1 மணிக்குப் படுக்கை, காலை உணவு இல்லை, பிற்பகல் 3 மணிக்கு ஓயாத கொட்டாவி, 6 மணிக்கு வலப்பொட்டில் வலி, 6.15-க்கு மாத்திரை” என்ற அளவில் இருந்தால் போதும். இரண்டு மூன்று மாதங்களில் உங்களுக்கே உரிய வரிசை ஒன்று கண்ணில் படும்.

முல்லை:

குறிப்பேட்டில் மாதவிடாய் நாள்களையும் குறித்துவையுங்கள். பெண்மைக்குரிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் அளவு சட்டென்று சரிவதால், மாதவிடாய் தொடங்குவதற்கு 2 நாள்கள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை பல பெண்களுக்கு மைக்ரேன் வருகிறது. மற்ற நாள்களைவிட அப்போது வலி கடுமையாகவும் நீடித்தும் இருக்கும். அந்த நாள்களிலாவது தூக்கத்தையும் உணவு நேரத்தையும் கெடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது எனக்கு ஓரளவு உதவுகிறது.

மருந்தாளுநர்:

மருந்தகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில், மாத்திரையைக் குறைப்பது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் எண்ணம் சரியானதே. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகளையும், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் கலந்த கூட்டு வலிநிவாரணிகளையும் 10 நாள்களோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேல் எடுத்துவந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கிவிடும். அந்த நிலையை எட்டிவிட்டவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும். ஆனால் குறைப்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வலி முற்றும்வரை பொறுத்திருப்பது என்று பொருளில்லை. மைக்ரேன் தாக்கும்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுவதால், தாமதித்து விழுங்கும் மாத்திரை உடலில் சேரவும் தாமதமாகும். எடுப்பதாக இருந்தால் வலியின் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

வலி வந்தபின் மருந்தில்லாமல் செய்யக்கூடியவற்றில், இருட்டான, அமைதியான அறையில் படுத்துத் தூங்குவதற்கு இணையானது எதுவுமில்லை. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி நெற்றியிலும் பிடரியிலும் ஒத்தடம் கொடுப்பது பலருக்கு இதமளிக்கிறது. பிடரி இறுகிப்போனவர்கள் சிலர் வெந்நீர் ஒத்தடத்தையே விரும்புகிறார்கள். அது அவரவர் உடலுக்கு ஏற்றபடி. இஞ்சி குமட்டலைத் தணிக்கும்.

வலி வராமல் தடுப்பதில் மெக்னீசியத்துக்கும் வைட்டமின் பி2 ஆகிய ரைபோபிளேவினுக்கும் ஓரளவு நல்ல சான்றுகள் உள்ளன. மெக்னீசியம் நாளொன்றுக்கு 400 முதல் 600 மில்லிகிராமும், ரைபோபிளேவின் 400 மில்லிகிராமும் ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்ட அளவுகள். இவை உடனடி நிவாரணம் தருபவை அல்ல; மூன்று மாதங்களாவது தொடர்ந்து எடுத்தபின்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். மெக்னீசியத்தால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. ரைபோபிளேவினால் சிறுநீர் பளீரென்ற மஞ்சளாகும்; அஞ்ச வேண்டியதில்லை. பட்டர்பர் என்ற மூலிகையை யாராவது பரிந்துரைத்தால் தவிர்த்துவிடுங்கள். இயற்கைப் பொருள்தான் என்றாலும் அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்ததால், முன்பு அதைப் பரிந்துரைத்தவர்களே பின்வாங்கிவிட்டார்கள்.

உடற்பயிற்சியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 2011-இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வொன்றில், வாரம் மூன்று முறை 40 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், தளர்வுப் பயிற்சி செய்தவர்களுக்கும், டோபிராமேட் என்ற தடுப்பு மருந்தை எடுத்தவர்களுக்கும் மைக்ரேன் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. பழக்கமில்லாதவர்கள் திடீரென்று கடுமையாகத் தொடங்கினால் அதுவே வலியைத் தூண்டலாம் என்பதால், நடையில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுவது நல்லது.

கயல்விழி:

அனைவருக்கும் மிக்க நன்றி. கொட்டாவியை இதுவரை களைப்பென்றே எண்ணியிருந்தேன். இன்னும் இரண்டு ஐயங்கள். வெளிச்சம் கூசுவதால் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணிகிறேன், இது சரிதானா? அத்துடன், அண்மைக் காலமாக வலிக்கு முன்பு கண்ணெதிரே வளைந்து நெளிந்து மின்னும் கோடுகள் அரைமணி நேரம்போலத் தெரிகின்றன. இதற்கும் மைக்ரேனுக்கும் தொடர்பு உண்டா?

மருந்தாளுநர்:

கறுப்புக் கண்ணாடியை வெயிலில் மட்டும் அணியுங்கள். வீட்டுக்குள் தொடர்ந்து அணிந்தால் கண் இருட்டுக்குப் பழகி, வெளிச்சக் கூச்சம் நாளடைவில் கூடிவிடும். எல்லா நிற ஒளியும் ஒரே அளவில் வருத்துவதில்லை என்பது உங்களுக்குப் பயன்படலாம்: 2016-இல் பாஸ்டனில் ராமி பர்ஸ்டீன் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மற்ற நிறங்கள் கலவாத, குறுகிய அலைவரிசையிலான பச்சை ஒளிதான் மைக்ரேன் வலியை மிகக் குறைவாகத் தூண்டியது. ஆனால் சாதாரணப் பச்சை விளக்கு அதே பலனைத் தராது.

மின்னும் கோடுகள் ஆரா எனப்படும் நிலையாக இருக்கலாம். மூளையின் மேலடுக்கான புறணியில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவும் மின் அலையே அதற்குக் காரணம். அதனால்தான் கோடுகள் மெல்ல விரிந்து, 5 முதல் 60 நிமிடங்களில் மறைகின்றன. எனினும் இது உங்களுக்குப் புதியது என்பதால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடும் என்பதால், அத்தகைய மாத்திரை எதையாவது எடுத்துவந்தால் அதையும் மறைக்காமல் தெரிவியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும், வழக்கமான மைக்ரேன் என்று படுத்துவிடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.