கருவிமேல் பழி போடாதீர்கள் என்பவர்களுக்கு

நிரல்வேந்தன்: கணினி அறம் என்று தனியாக எதுவும் இல்லை, பழைய தத்துவவாதிகளான கான்ட்டும் மில்லும் எழுதியதே போதும், கருவி எந்தத் தப்பும் செய்யாது என்று நேற்று கயல் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது, சிலர் செத்தே போனார்கள். கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, நிரலில் பிழை. செயலை அதன் நோக்கத்தை வைத்துப் பார்க்கும் கான்ட் இதில் யாருடைய நோக்கத்தை எடைபோடுவார்?

கயல்: அதே பிழை முந்தைய தெராக்-20இலும் இருந்தது. அங்கே யாரும் சாகவில்லை. ஏனென்றால் மென்பொருள் தவறினாலும் கதிரை நிறுத்தும் வன்பொருள் தடுப்பு அதில் தனியாக இருந்தது, 25இல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது மென்பொருளா, மனிதர்களா?

நிரல்வேந்தன்: எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள்? மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று நம்பியதால். கணினி வந்ததும் அதுவரை இல்லாத செயல்கள் கைகூடுகின்றன, அவற்றுக்கு விதி எதுவும் இருப்பதில்லை, அந்த வெற்றிடம்தான் பிரச்சினை என்று தத்துவவாதி ஜேம்ஸ் மூர் 1985இலேயே எழுதினார்.

பழையமாணவன்: 1985 'இலேயே'வா? இயந்திரங்கள் சமூகத்தை என்ன செய்யும் என்று கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1950இல் எழுதியது உங்கள் கணக்கில் வராதா?

நிரல்வேந்தன்: மூர்தான் முதல் ஆள் என்று நான் எங்கே சொன்னேன்? தனியுரிமை விவாதத்திலும் இப்படித்தான் ஆண்டைப் பிடித்துக்கொண்டு திசைதிருப்பினீர்கள், நான் மறக்கவில்லை.

பழையமாணவன்: அன்றைக்கும் ஆண்டு தப்புதான்.

கயல்: தடுப்பை எடுத்தது யார்? இன்னும் பதில் வரவில்லை.

இளவேனில்: அதே இயந்திரத்தால் குணமானவர்களும் இருப்பார்களே, மொத்த நன்மையைக் கணக்கிடும் மில் வழியில் பார்த்தால்...

நிரல்வேந்தன்: குணமானவர் கணக்கைக் காட்டிச் செத்தவரைக் கழிப்பீர்களா, இளவேனில்? இதைத்தான் அறம் என்கிறீர்களா? கயல், கேளுங்கள். திரையில் 'மால்ஃபங்ஷன் 54', அதாவது 'கோளாறு 54', என்று மட்டும் வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று இயக்குபவருக்குத் தெரியாது, கையேட்டிலும் சரியான விளக்கம் இல்லை, அவர் மறுபடி விசையை அழுத்தினார். நிரல் எழுதியவர், சோதித்தவர், விற்றவர், அழுத்தியவர் என்று பொறுப்பு ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கடைசியில் யாரிடமும் இல்லாமல் போகிறது. ஒரு ஆள், ஒரு செயல், ஒரு நோக்கம் என்று வைத்துச் சிந்தித்த பழைய அறம் இதற்குப் போதாது என்பதுதான் என் வாதம், இதை எத்தனை தடவை சொல்வது?

கயல்: இவ்வளவு எழுதியும் தடுப்பைத் தொடவில்லை. எடுத்தது மனிதரா, இல்லையா?

நிரல்வேந்தன்: மனிதர்தான் என்று யார் மறுத்தார்கள்? எந்த மனிதர், பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

கயல்: பெயர் தெரியாததால் மென்பொருள்மேல் போட்டுவிடலாமா?

பழையமாணவன்: வீனர் பற்றி இன்னும் பதில் இல்லை.