ஏர் சஸ்பென்ஷன் இருந்தும் சின்னக் குழியில் ‘நங்’கென்று இடிக்கிறது, ஏன்?

புதுச்சாவி:
வணக்கம். இரண்டு மாதம் முன்பு மூன்று வருடம் ஓடிய பெரிய சொகுசு எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை), தானாக இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர், 22 இஞ்ச் வீல், எல்லாம் இருக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் படகு மாதிரி ஏறி இறங்குகிறது, குறையே சொல்ல முடியாது. ஆனால் சாலையில் ஒட்டுப்போட்ட இடம், பாலத்தின் இணைப்பு, உள்ளங்கை அளவு குழி, இப்படி ஏதாவது வந்தால் ‘நங்’கென்று முதுகெலும்பு வரை வருகிறது. கம்ஃபர்ட் மோடில்தான் ஓட்டுகிறேன். பின்சீட்டில் உட்காரும் அம்மா "இதுக்கு உன் பழைய காரே தேவலடா" என்கிறார், அது 15 இஞ்ச் வீல் போட்ட சாதாரண செடான்! சர்வீஸில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுக் கோளாறு எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். காற்றுப் பை போய்விட்டதா, ஷாக் மாற்ற வேண்டுமா, யாராவது சொல்லுங்கள்.

ஷாக்கடிச்சவன்:
மூன்று வருடம் என்றால் ஷாக் போயிருக்கும். நாலையும் மாற்றிவிடுங்கள்.

மேடுபள்ளம்:
அவசரப்பட்டு எதையும் கழற்ற வேண்டாம். நாலு விவரம் சொல்லுங்கள்: டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவு, அது ரன்-ஃப்ளாட்டா (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்), வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்று எவ்வளவு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எவ்வளவு போட்டிருக்கிறது. அப்புறம் இரவு நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து வையுங்கள், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மறுபடி அளக்கவும். கொஞ்சம் இறங்கினால் பயமில்லை. ஒரு மூலை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தால் அங்கே காற்றுப் பை கசிகிறது என்று சந்தேகப்படலாம்.

புதுச்சாவி:
அளந்துவிட்டேன், நாலு மூலையும் இறங்கவே இல்லை. முன்னால் 275/35 ஆர்22, பின்னால் 315/30 ஆர்22, ரன்-ஃப்ளாட்தான். காற்று நாலிலும் 44 பி.எஸ்.ஐ. ஸ்டிக்கரில் இரண்டு வரி இருக்கிறது: குறைந்த சுமைக்கு 36, முழுச் சுமைக்கு 42. நான் வாங்கிய நாளிலிருந்து தொடவே இல்லை, விற்றவர் நிரப்பியதுதான்.

மேடுபள்ளம்:
சஸ்பென்ஷன் பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பெரிய மேட்டில் சுகம், சின்ன மேட்டில் இடி. ஸ்பீட் பிரேக்கரில் வண்டியின் உடம்பு மெதுவாக எழும்பி இறங்குகிறது, நொடிக்கு ஒரு தடவை சுமார். அதைத் தாங்குவது ஸ்பிரிங்கும் ஷாக்கும், அதில் காற்று ஸ்பிரிங் கில்லாடி. ஆனால் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது 10 செ.மீ. அகல ஒட்டு ஒன்று சக்கரத்தின் அடியில் 6 மில்லிசெகண்டில் கடந்துவிடும். அதற்குள் கனமான அந்தச் சக்கரம் முழுவதும் மேலே துள்ள வேண்டும், பிறகுதான் ஸ்பிரிங்குக்கே வேலை. முதலில் அமுங்கி விழுங்க வேண்டியது டயர்தான். உங்கள் டயரில் அமுங்க எவ்வளவு இடம் இருக்கிறது? 275/35 என்றால் டயரின் அகலம் 275 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், அதாவது 96 மி.மீ. இதே மாதிரி வண்டிகளில் 19 இஞ்ச் வீலுக்கு வரும் 265/50 டயரில் 132 மி.மீ. மொத்த விட்டத்தில் இரண்டுக்கும் 4 மி.மீ. கூட வித்தியாசமில்லை, ரப்பரும் காற்றும் இருந்த இடத்தை உலோகம் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். போதாததற்கு ரன்-ஃப்ளாட்: காற்றே இல்லாமலும் வண்டியைத் தூக்கிப் பிடிக்கப் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்திருப்பார்கள். அதற்குள் 44 அடித்தால் கட்டைவண்டிச் சக்கரம்தான். கம்ஃபர்ட் மோடு ஷாக்கை இளக்கும், டயரை இளக்காது. உங்கள் பழைய செடான் ஜெயித்ததும் இங்கேதான், எளிய சஸ்பென்ஷன் என்றாலும் தடித்த டயர், எடை குறைந்த சக்கரம்.

முதல் வேலை, காலையில் வண்டியை எடுக்கும் முன் ஸ்டிக்கரின் முதல் வரிக்குக் காற்றை இறக்குங்கள். குடும்பமும் பெட்டியுமாகப் போகும் நாளில் மட்டும் இரண்டாவது வரி.

ஷாக்கடிச்சவன்:
36 எதற்கு, 28-க்கு இறக்கினால் பஞ்சு மாதிரி இருக்குமே.

மேடுபள்ளம்:
இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அண்ணா அது. ஸ்டிக்கருக்குக் கீழே போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், நெடுஞ்சாலையில் வெடிக்கும். இவ்வளவு மெல்லிய டயரில் காற்றும் குறைந்தால் குழியில் ரிம்மே போய்த் தரையில் மோதும். வேண்டவே வேண்டாம்.

ரிம்ராஜா:
22-ஐக் கழற்றினால் அந்த வண்டிக்கு அழகே போய்விடும். மாத்திரை டப்பா மாதிரி இருக்கும். என் ஓட்டு 22-க்குத்தான், ஆனால் நான் பின்சீட்டில் உட்காருவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன் 😄

புதுச்சாவி:
36-க்கு இறக்கி ஒரு வாரம் ஓட்டினேன். ‘நங்’ போய் ‘டப்’ ஆகியிருக்கிறது, பாதி நிம்மதி. அடுத்து 19-க்கே போய்விடலாமா?

மேடுபள்ளம்:
வீலுக்குள் இருக்கும் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இடிக்காதா என்று பார்க்காமல் 19 வாங்காதீர்கள். பெரிய பிரேக் போட்ட மாடலுக்கு 20-க்குக் கீழே ஏறாமலும் போகலாம், உங்கள் மாடலுக்குக் கம்பெனி அனுமதித்திருக்கும் அளவுகள் வண்டிக் கையேட்டில் இருக்கும். சுமைக் குறியீடும் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்) ஆஃப்செட்டும் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் முன் டயருக்கும் பின் டயருக்கும் விட்டம் ஒத்துப்போக வேண்டும், இதில் விளையாடினால் கியர் பெட்டி வரை செலவு வரும். காற்றழுத்த சென்சாரையும் புது வீலுக்கு மாற்றச் சொல்லுங்கள். சாதாரண டயர் போடுவதானால் ஸ்டெப்னி உண்டா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள், ரன்-ஃப்ளாட்டோடு வரும் வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால் பஞ்சர் கிட்டாவது வேண்டும்.

புதுச்சாவி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கையேட்டில் என் மாடலுக்கு 20-தான் ஆகச் சிறியது. முன்னால் 275/45, பின்னால் 305/40, சாதாரண டயர், பஞ்சர் கிட் டிக்கியில். அதே பாலம், அதே இணைப்பு, சத்தம் கேட்கிறது, உடம்பில் ஏறுவதில்லை. வேகமாக வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங் முன்பு மாதிரி சுருக்கென்று இல்லை, ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கிறது, அது எனக்குப் பரவாயில்லை. நேற்று இரண்டு மணி நேரப் பயணத்தில் அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டார். 22 இஞ்ச் செட் வீட்டில் சும்மா கிடக்கிறது. ரிம்ராஜா, வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

ரிம்ராஜா:
தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.