மாதிரி வகுப்பறை: நாற்காலி பின்னாலா, பக்கவாட்டிலா?

குன்னூர்_கணக்கு:
"மாதிரி வகுப்பறையில் 30 ஆசிரியர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்துப் பாடம் நடத்திக் காட்டினால் போதும், வேறு பயிற்சியே வேண்டாம்" என்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைகளின் முதுகும் ரிப்பனும்தான் தெரியும். 42-இலிருந்து 17 கழிக்கிறார்கள், பாயில் பத்துப் பத்தாகக் கட்டிய 4 குச்சிக்கட்டு, 2 உதிரிக்குச்சி. ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவிழ்க்கிற பிள்ளைக்கு 25 வரும். அவிழ்க்காத பிள்ளை 7-இல் 2 போக 5 என்று 35 எழுதும். அந்த விரலைப் பார்க்கத்தானே போகிறோம்? பக்கவாட்டுச் சுவரோரம் உட்காருங்கள். ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கவனியுங்கள். பார்வையாளர் 8 பேருக்கு மேல் ஆகாது.

மஞ்சூர்_மாஸ்டர்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்ல வாய் வரவில்லையா? பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை நொடி பொறுக்கிறார், கரும்பலகையை எப்படிப் பிரிக்கிறார் என்பதெல்லாம் பின்வரிசையில்தான் தெரியும்.

குன்னூர்_கணக்கு:
அதற்குக் காணொளி போதுமே, எதற்கு பஸ் ஏறி வரவேண்டும்?

கூடலூர்_ஈராசிரியர்:
நாற்காலி கிடக்கட்டும் சார். இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் பார்க்கப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். மாற்று ஆசிரியர் யார்? அங்கே காட்டுவதோ ஒரே வகுப்பு, புத்தம்புது லேமினேட் அட்டை. இங்கே அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில். பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுமொழியே வேறு. அதை எந்த மாதிரி வகுப்பு காட்டுகிறது?

மஞ்சூர்_மாஸ்டர்:
போன விவாதத்திலும் கூடலூரை இழுத்துத்தான் திசைதிருப்பினீர்கள்.

கூடலூர்_ஈராசிரியர்:
கூடலூரும் நீலகிரியில்தான் இருக்கிறது!

குன்னூர்_கணக்கு:
உட்காரும் இடம்தான் முதல் பிரச்சினை. பாடத்துக்கு முன் 20 நிமிடம் பாடக்குறிப்பைக் கொடுத்து, பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று பேசவேண்டும். 40 நிமிடப் பாடத்தில் பார்வையாளர் வாய் திறக்கக்கூடாது. "கட்டை அவிழ்" என்று ஒருவர் கிசுகிசுத்தாலே போச்சு, பிள்ளையின் யோசனை நமக்குத் தெரியாது. அன்றைக்கே 45 நிமிடம் கலந்துரையாடல். நடத்தியவர் முதலில் பேசவேண்டும். "பாடம் அருமை" என்பது எதற்கும் உதவாது, "இந்தப் பிள்ளை அவிழ்க்காமலே 35 எழுதினாள்" என்பதுதான் குறிப்பு. ஒரு வாரத்துக்குள் அவரவர் வகுப்பில் செய்துபார்க்க, ஆசிரியர் பயிற்றுநர் வந்து கூட நிற்கவேண்டும். முந்தின நாளே ஒத்திகை பார்த்த பாடத்தில் தவறே வராது, கற்க ஒன்றும் இருக்காது. ஆசிரியர்கள் கூடித் திட்டமிட்டு ஒரு பாடத்தைக் கவனித்துப் பேசும் ஜப்பானின் "பாட ஆய்வு" முறையில் பார்வையாளர்கள் பிள்ளைகளின் மேசைக்கே போய்க் குறிப்பெடுக்கிறார்கள்.

மஞ்சூர்_மாஸ்டர்:
ஜப்பானை விடுங்கள். ஜூலை மழை தகரக்கூரையில் கொட்டும்போது ஆசிரியர் குரலே எட்டாது. இதில் எட்டுப் பேர் சுவரோரம் நடமாடினால் பாடம் உருப்படுமா? வேண்டுமானால் முடிந்ததும் நோட்டை வாங்கிப் பாருங்கள்.

குன்னூர்_கணக்கு:
நடமாடச் சொன்னது யார்? சுவரோரம் உட்காரச் சொன்னேன். நோட்டில் 35 இருக்கும். கட்டைத் தொடவே இல்லையா, அவிழ்த்து எண்ணும்போது தவறினாளா என்பது நோட்டில் இருக்காது.

மலைச்சாரல்:
2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. அதில் இதைச் சேர்க்கலாமே?

கூடலூர்_ஈராசிரியர்:
அந்தக் கொள்கையை இங்கே கொண்டுவராதீர்கள். மாற்று ஆசிரியர் யார் என்று கேட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மஞ்சூர்_மாஸ்டர்:
30 பேரை 8 ஆக்கினால் நாலு நாள் ஆகும். நாலு நாளும் மாற்று ஆசிரியருக்கு எங்கே போவீர்கள்? பின்வரிசைதான் நடக்கும்.

குன்னூர்_கணக்கு:
நடக்கும், ஆனால் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள். பக்கவாட்டில் போடுங்கள்.