இன்டர்மிட்டென்ட் ஃபால்ட் – தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக் படிக்கிற பசங்களுக்கான என்ஜின் கையேடு ஒண்ணை மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். நல்லா ஓடிட்டிருந்த வண்டி திடீர்னு இழுக்காம போயிடும், ஓரங்கட்டி ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணா பழையபடி ஓடும், ஷெட்டுக்கு வந்தா ஒரு குறையும் தெரியாது. இதைப் பழைய வரைவுல "தற்காலிகப் பழுது"ன்னு போட்டிருக்காங்க, எனக்கு உறுத்துது. தற்காலிகம்னா சரியாயிடுச்சுன்னு பையன் வண்டியைத் திருப்பிக் குடுத்துடுவான். கிராங்க் சென்சார் (என்ஜின் தண்டு சுத்துறதைக் கவனிச்சு சிக்னல் குடுக்கிறது) சூடேறினா உள்ள சுருள்ல இணைப்பு விட்டு சிக்னல் நிக்கும், ஆறினா திரும்ப வரும், ஆனா சென்சார் கெட்டது கெட்டதுதான். வந்துபோறது அறிகுறி, பழுது அங்கயேதான் இருக்கு. வேற சொல் சொல்லுங்க.

------

> தற்காலிகப் பழுது

அது வடசொல்லும்கூட, முதல்ல தூக்குங்க. "இடையறாத"ன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு எதிர்ப்பக்கம் "இடையறு பழுது". வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும், நேத்து விட்டது இன்னைக்கு விடுறது நாளைக்கு விடப்போறது எல்லாம் அடங்கிடும். "பழுது" மேலயும் எனக்கு ஒரு கேள்வி இருக்கு, குறள் 639ல பழுதெண்ணும் மந்திரின்னா கெடுதல் நினைக்கிறவன், சென்சாருக்கு அந்தச் சொல் பொருந்துமான்னு யோசிக்கணும்.

------

ஐயா, பழுதுபார்க்கிறதுன்னு ஊரே சொல்லுது, அதை விட்டுடுவோம். ஆனா வகுப்புல இடையறு பழுதுன்னு வாயால சொன்னா பின்வரிசைக்கு "இடையூறு பழுது"ன்னுதான் கேக்கும். நான் பாடம் எடுக்கிறவன், விட்டுவிட்டு வர்ற பழுதுன்னே சொல்றேன், ஒருத்தனும் அர்த்தம் கேட்டதில்ல. அடுத்த கேள்வி தானா வருது: எப்ப விடுது? சூட்டுலயா, மேடு ஏறும்போதா, டேங்க்ல எண்ணெய் குறையும்போதா? அதுக்குத்தான் வண்டியோட கணினியில பிழைக்குறியோட அந்த நேரத்து வேகம், சூடு, லோடு எல்லாம் பதிவாகுது, ஸ்கேனரை மாட்டிப் படிக்கலாம். அந்தப் பதிவை இங்கிலீஷ்ல ஃப்ரீஸ் ஃபிரேம்ங்கிறாங்க, அப்படியே பெயர்த்து "உறைசட்டம்"னு மட்டும் போட்டுடாதீங்க, "அந்நேரப் பதிவு" போதும். குறி எதுவும் இல்லன்னா என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு கப்ளரா (வயர் இணைப்பு) ஆட்டிப் பாக்கணும், ஆட்டும்போது என்ஜின் தடுமாறினா அங்கதான் லூஸ்.

------

சித்த மருத்துவத்தில முறைக்காய்ச்சல் எண்டு இருக்கு, விட்டுவிட்டு வாற காய்ச்சல்தானே. "முறைப்பழுது" எண்டு சொன்னால் என்ன? மற்றது, வண்டி இழுக்காமப் போறதுக்கு "திறன் இழப்பு" எண்டு எழுதியிருந்தா இலங்கையில எங்கட பிள்ளையளுக்கு விளங்காது, எங்கட பௌதிகப் புத்தகத்தில வலு எண்டுதான் இருக்கு.

------

முறைக்காய்ச்சல் அழகான சொல், ஆனா அது நாள்கணக்கு வச்சு வரும். இங்க முறையே கிடையாது, அதுதானே தலைவலி. வலு நல்லாருக்கு, திறன்னா பசங்க கைத்திறன்னு படிச்சுடுவாங்க.

------

எல்லாருக்கும் நன்றி. பாதிக்கு மேல "விட்டுவிட்டு"ங்கிற சொல் பக்கம்தான் இருக்கீங்க. "விட்டுவிட்டு வரும் பழுது", "வலு இழப்பு"ன்னு போட்டுட்டேன். தலைப்புல மட்டும் "திடீர் வலு இழப்பு (திறன் இழப்பு)". தற்காலிகம் எங்கயும் இல்ல.

------

இடையறு பழுதுன்னு சொன்னவன்தான். ஒத்துக்கலை. நீங்க போட்டது விளக்கம், சொல் இல்ல. அடுத்த அத்தியாயத்துல இந்தப் பழுதுக்கான குறி, அந்தக் குறியோட நினைவகம், அதை அழிக்கிற முறைன்னு அடுக்கிட்டே போகும், அப்ப "விட்டுவிட்டு வரும் பழுதுக்குறி நினைவகம்"னு எழுதினா விட்டுவிட்டு வர்றது பழுதா நினைவகமா? "இடையறு பழுதுக்குறி"ன்னா சிக்கலே இல்ல. பின்பதிப்புக்காவது கலைச்சொல் பட்டியல்ல ஒரு வரி சேத்து வையுங்க.